அலபாமாவா, ஆபர்னா? பதினோரு வயசுப் பொண்ணு எந்தச் சட்டை போடுவது?

ஹன்ட்ஸ்வில் அப்பா
24 நவம்பர் 2024, இரவு 9.12

கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் வந்து மூணு வருஷம் ஆச்சு. வந்த முதல் வாரமே வீட்டுச் சாவி கொடுத்த அம்மா, இன்டர்நெட் மாட்ட வந்தவர், பேங்க்கில் கணக்கு திறந்து கொடுத்த பையன் மூணு பேரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "அலபாமாவா, ஆபர்னா?" பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடற அமெரிக்க ஃபுட்பாலில், இந்த மாநிலத்து ரெண்டு பல்கலைக்கழக டீமில் நீ எந்தப் பக்கம்னு கேள்வி. நான் ரெண்டும் இல்லைன்னு சொன்னேன். பேங்க் பையன் பேனாவைக் கீழே வச்சுட்டு, "அப்படி ஒரு பதில் இந்த மாநிலத்தில் கிடையாது சார்"ன்னான்.

இப்போ விஷயம் என் பொண்ணுகிட்ட வந்திருக்கு. வெள்ளிக்கிழமை ஸ்கூலில் எல்லாரும் அவங்கவங்க டீம் சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தாங்க. இவளோட உயிர்த்தோழி ஆபர்ன் குடும்பம். அதனால் இவளும் ஆரஞ்சும் கருநீலமுமா ஒரு சட்டை வாங்கிப் போட்டுக்கிட்டா. சாயங்காலம் அதே சட்டையோட பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அவரோட கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனா. அவர் அலபாமா ரசிகர், எழுபது வயசு தாண்டியாச்சு. கோடையில் தோட்டத்து வெண்டைக்காயும் தக்காளியும் பறிச்சுப் பையில் போட்டு எங்க வாசலில் வச்சுட்டுப் போற மனுஷன். கதவைத் திறந்தவர் சட்டையைப் பார்த்துட்டு, சிரிக்காம, "இதைப் போட்டுக்கிட்டு என் வாசப்படி ஏறக்கூடாது"ன்னு சொல்லியிருக்கார். கிண்ணத்தைக்கூடக் கொடுக்காம திரும்பி வந்து படுக்கையில் விழுந்து அழுதா. கிண்ணம் இன்னும் எங்க மேசையில்தான் இருக்கு.

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாவே சொன்னாரா தெரியலை. வர்ற சனிக்கிழமை ரெண்டு டீமும் மோதுற அயர்ன் பௌல். அவர் வீட்டில் பார்க்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எங்களைக் கூப்பிட்டிருந்தார். போகலாமா? போனா அவ என்ன போட்டுக்கிட்டுப் போறது? இங்கே ரொம்ப வருஷமா இருக்கறவங்க சொல்லுங்க.


மலைக்கோட்டை
24 நவம்பர் 2024, இரவு 10.05

வணக்கம் அண்ணா. நான் திருச்சியில் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். எம்.எஸ். படிக்க ஆறு இடத்துக்கு அப்ளை பண்ணியிருக்கேன், ஆபர்னும் அதில் ஒண்ணு. ஒரு சந்தேகம். ஆடறது காலேஜ் பசங்க. அந்தக் காலேஜ் வாசலையே மிதிக்காத பெரியவர் ஏன் இதுக்கு இவ்வளவு உயிரை விடறார்?


டூமர்ஸ் மூலை
24 நவம்பர் 2024, இரவு 11.31

முதலில் பாப்பாவுக்கு. அந்தப் பெரியவர் செய்தது தப்பு. பெரியவங்களுக்குள்ளே இந்த மாதிரி முறைச்சுக்கறது இங்கே தினப்படி நடக்கிற விஷயம். என் மேலாளர் அலபாமா, நவம்பர் முழுக்க என் காபிக் கோப்பையைத் தொடக்கூட மாட்டார். ஆனால் பதினோரு வயசுப் பிள்ளைக்கு அது விளையாட்டு என்று எப்படித் தெரியும்? நீங்க போய் அவரிடம் நேரில் சொல்லுங்க, அவள் அழுதாள்னு. சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவே வராது.

திருச்சித் தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். இந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை லீக் அணி ஒன்றுகூடக் கிடையாது. என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை ஃபுட்பால் லீக் பார்க்கணும்னா அட்லாண்டாவுக்கோ நாஷ்வில்லுக்கோ வண்டி கட்டணும். அதனால் இவங்களுக்கு இருக்கறது இந்த ரெண்டு காலேஜும்தான். டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகம் வக்கீல்களும் டாக்டர்களும் படித்து வந்த இடம். ஆபர்ன் விவசாயத்துக்கும் பொறியியலுக்குமான கல்லூரியாக வளர்ந்தது. அலபாமாவின் பெரிய கோச் 'பேர்' (கரடி) பிரையன்ட், ஆபர்னை "மாட்டுக் கல்லூரி" என்று சீண்டுவார். அந்த ஒரு சொல் இன்னும் இங்கே வலிக்கும். பட்டணத்துக்காரன் நம்மைக் குறைத்துப் பேசுகிறான் என்கிற வலி. உங்க பெரியவர் காலேஜ் வாசலை மிதிக்காதவராக இருக்கலாம். அவங்க அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கிட்டுப் போய்க் காட்டிய டீம் அது. இங்கே யாரும் டீமைத் தேர்ந்தெடுக்கறதில்லை, வீட்டோடு வருது.

முதல் ஆட்டம் 1893-ல், பர்மிங்காமில். 1907-ல் ஆட்டம் சமனில் முடிந்த பிறகு பயணப்படி எவ்வளவு, நடுவர் யார் என்பதில் சண்டை வந்து, 1948 வரை ரெண்டு பேரும் மோதவே இல்லை. 41 வருஷம்! மறுபடி ஆடுவதற்கு முன்னால் ரெண்டு கல்லூரி மாணவர் தலைவர்களும் பர்மிங்காமில் ஒரு பூங்காவில் குழி தோண்டி ஒரு கோடரியைப் புதைத்தார்கள். அந்த வருஷம் அலபாமா 55–0.

இனி நான் கண்ணால் பார்த்தது. 2010 ஆகஸ்டில் ஆபர்னில் எம்.எஸ். சேர்ந்தேன். அந்த நவம்பரில் டஸ்கலூசாவில் ஆட்டம். அலபாமா 24–0 முன்னிலை. அறைத்தோழி டிவியை அணைக்கவே போய்விட்டாள். ஆபர்னின் கேம் நியூட்டன் ஆட்டத்தைத் திருப்பினான், 28–27 என்று ஆபர்ன் ஜெயித்தது. உடனே ஊரே டூமர்ஸ் மூலைக்கு ஓடியது. அங்கே கல்லூரி வாயிலில் ரெண்டு ஓக் மரம். ஜெயித்தால் அதில் டாய்லெட் பேப்பர் சுருளை எறிவது வழக்கம். முதலில் எனக்கு வரவே இல்லை, சுருள் முழுசாகப் போய்த் தொப்பென்று விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, நுனியை ரெண்டு அடி தொங்கவிட்டு, கீழிருந்து மேலே வீசக் கற்றுக் கொடுத்தாள். கிளையைத் தாண்டி வால் விரித்துக்கொண்டு போய் விழும். அங்கே நிற்கிற யாரோ எடுத்துத் திரும்ப நம் பக்கம் எறிவார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மரம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, முதல் தடவையாக எனக்கு இங்கே ஒரு கூட்டத்தில் இடம் இருக்கு என்று தோன்றிய ராத்திரி அது.

ரெண்டு மாசம் கழித்து, 2011 ஜனவரி கடைசியில், ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்கு ஒரு அலபாமா ரசிகர் போன் செய்து, அந்த மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டேன் என்று சொன்னார். 62 வயசு மனுஷன். வேரில் களைக்கொல்லி ஊற்றியிருந்தார். பல்கலைக்கழகம் மண்ணைத் தோண்டி எடுத்தது, கரித்தூள் போட்டது, என்னென்னவோ செய்தது. துளிர் வரும், சுருங்கும், கொட்டும். மறுபடி துளிர் வரும், அதுவும் கொட்டும். ரெண்டு வருஷம் தினம் அந்த வழியாகத்தான் லேபுக்கு நடந்தேன். 2013 ஏப்ரல் 20 அன்று கடைசியாக ஒரு தடவை பேப்பர் எறிய விட்டார்கள். மூணு நாள் கழித்து வெட்டிவிட்டார்கள். அந்த மனுஷன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

ஆனால் இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். மரத்துக்கு விஷம் என்ற செய்தி வந்ததும் அலபாமா ரசிகர்களே மரத்தைக் காப்பாற்றப் பணம் திரட்டினார்கள். அப்புறம் அதே 2011 ஏப்ரல் 27. டஸ்கலூசா வழியாகச் சூறாவளி போனது. அந்த ஒரு சூறாவளியில் மட்டும் 64 பேர் செத்தார்கள். மறுநாளே ஆபர்ன்காரர்கள் "டஸ்கலூசாவுக்காக டூமர்ஸ்" என்று உதவி திரட்டக் கிளம்பிவிட்டார்கள். நான் ஒரு சர்ச் வண்டி நிறுத்தத்தில் ரெண்டு நாள் தண்ணீர்ப் பெட்டியும் தார்ப்பாயும் குழந்தைகளுக்கான டயப்பரும் அடுக்கினேன். லாரி கிளம்பிப் போகும். எங்கே போய்ச் சேர்ந்தது, யார் கையில் கிடைத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சனிக்கிழமை போங்க. பாப்பா அவளுக்குப் பிடித்த சட்டையைப் போடட்டும்.


கொலம்பஸ்காரன்
25 நவம்பர் 2024, காலை 7.48

டூமர்ஸ் அக்கா எழுதினதைப் படிச்சிட்டு ஆபீசுக்கு லேட்.

நான் ஒஹாயோ மாநிலத்தில், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கற கொலம்பஸில், பதினெட்டு வருஷம். எங்களுக்கும் இந்தச் சனிக்கிழமைதான் மிச்சிகன் ஆட்டம். இந்த வாரம் இங்கே பல்கலைக்கழக வளாகத்தில் எந்தப் பலகையில் 'எம்' எழுத்து இருந்தாலும் அதன் மேல் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டிடுவாங்க. லைப்ரரி, மருத்துவமனை, வண்டி நிறுத்தம் எதுவும் தப்பாது. எங்க பழைய கோச் வுடி ஹேய்ஸ் மிச்சிகன்கிற பெயரை வாயால் சொல்லவே மாட்டார். "வடக்கே இருக்கற அந்த டீம்". அவ்வளவுதான். என் பையன் மூணு வயசில் 'எம்' இல்லாம ஏபிசிடி பாடினவன், இப்போ பதினாலு வயசு.

இதுக்கு வேரு விளையாட்டில் இல்லை, நிலத்தில் இருக்கு. 1835-ல் டொலிடோ ஊர் யாருக்குன்னு ரெண்டு பக்கமும் படை திரட்டிட்டு நின்னாங்க. டொலிடோ ஒஹாயோவுக்கு வந்தது, மிச்சிகனுக்கு ஈடா வடக்கே காடும் தாமிரமும் இருக்கற பெரிய நிலத்தைக் கொடுத்தாங்க. ஆட்டம் 1897-ல் தொடங்கினது.

அண்ணே, மூணு வருஷமா நாங்க தோத்துக்கிட்டு இருக்கோம். இந்த வருஷம் அவங்க ஆறு வெற்றி, அஞ்சு தோல்வி; நாங்க பத்து வெற்றி, ஒரே தோல்வி. இருபது பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிப்போம்னு எல்லாரும் சொல்றாங்க. பையனுக்கும் எனக்கும் டிக்கெட் கிடைச்சிருக்கு. எனக்குத் தூக்கம் வரலை.


மஞ்சள்நீலம்
25 நவம்பர் 2024, காலை 9.20

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரிலிருந்து வணக்கம் கொலம்பஸ் அண்ணா. நாங்கள் தோற்போம் என்று எங்க வீட்டிலேயே சொல்கிறார்கள். பார்க்கலாம்.

ஒரு விஷயம் மட்டும். வுடி ஹேய்ஸிடம் உதவியாளராக இருந்தவர்தான் போ ஷெம்பெக்லர். ஒஹாயோவில் பிறந்து, ஒஹாயோ ஸ்டேட்டில் மேற்படிப்பு படித்து, எங்களுக்குக் கோச்சாக வந்து, முதல் வருஷமே, 1969-ல், தன் குருவை 24–12 என்று தோற்கடித்தார். பத்து வருஷம் ரெண்டு பேரும் மோதினார்கள். போ 5, வுடி 4, ஒன்று சமன். 2006-ல் முதலிடமும் இரண்டாமிடமுமாக ரெண்டு அணியும் மோத இருந்த ஆட்டத்துக்கு முதல் நாள் போ இறந்துபோனார். மறுநாள் கொலம்பஸில், ஒரு லட்சம் பேர் இருக்கிற உங்கள் மைதானத்தில், எங்கள் கோச்சுக்காக எழுந்து நின்று மௌனம் காத்தீர்கள். அன்று நான் அங்கே எங்க பக்கத்து இருக்கைகளில் இருந்தேன். எனக்கு முன்னால் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார். ஆட்டத்தை நீங்கள் 42–39 என்று ஜெயித்தீர்கள். அந்தத் தொப்பி மட்டும் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.


பிட்ஸ்பர்க்வாசி
25 நவம்பர் 2024, மதியம் 1.15

எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன வருஷம் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச்சை வீட்டுக்கு அனுப்புவதற்கு மட்டும் 75 மில்லியன் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. வேலை செய்வதற்கு இல்லை, செய்யாமல் இருப்பதற்கு. அதே மாதிரியான பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) சம்பளத்தில் மூணு பேராக ஒரு அறையில் படுக்கிறார்கள். கொலம்பஸ் நண்பரே, மிச்சிகன் வாரத்தில் உங்கள் மாணவர்கள் மிரர் லேக் குளத்தில் நவம்பர் குளிரில் குதிப்பார்களே, 2015-ல் ஒரு பையன் செத்த பிறகுதானே அது நின்றது? உங்கள் வுடி ஹேய்ஸ் 1978-ல் ஆட்டத்தின் நடுவே எதிரணிப் பையனைக் குத்தித்தானே வேலையை இழந்தார்? மரத்துக்கு விஷம் வைத்தவர் தனி மனிதர் இல்லை. "எதிரி, எதிரி" என்று வருஷம் முழுக்க சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருத்தர் அதை அப்படியே நம்பிவிடுவார். அந்தப் பாப்பா அழுததும் அதே சரடுதான். சின்ன முனை, அவ்வளவே.


பிரேசோஸ்கரை
26 நவம்பர் 2024, இரவு 8.02

பிட்ஸ்பர்க் நண்பருக்கு. நான் டெக்சாஸில் காலேஜ் ஸ்டேஷன் என்கிற ஊரில் இருக்கிறேன், நீங்கள் குறிப்பிட்ட அதே ஏ அண்ட் எம். அந்தப் பணத்தைப் பற்றி உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம். ஆனால் வெறி, பணம், சாவு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1999-ல் இங்கே நான் பிஎச்.டி. மாணவன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துடன் மோதும் ஆட்டத்துக்கு முன்பு ஆண்டுதோறும் பெரிய சொக்கப்பனை கட்டுவார்கள். மாணவர்களே காட்டுக்குப் போய் மரம் வெட்டி, லாரியில் ஏற்றி வந்து, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டைகளை அடுக்கடுக்காக நிறுத்துவார்கள். நவம்பர் 18, அதிகாலை 2.42-க்கு, அறுபது அடி உயரத்துக்கு எழும்பியிருந்த அந்த அடுக்கு சரிந்தது. மேலே பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 12 பேர் இறந்தார்கள், 27 பேருக்குக் காயம்.

சைரன் சத்தத்தில் விழித்து, இருட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய விளக்குகளைப் போட்டிருந்தார்கள். இயந்திரத்தால் இழுத்தால் உள்ளே உயிரோடு இருப்பவர்கள் மேல் கட்டை உருளும் என்று கையாலேயே தூக்கினார்கள். பகலில் ஃபுட்பால் அணியினர் பயிற்சியை விட்டுவிட்டு வந்து அந்த வரிசையில் நின்று கட்டை சுமந்தார்கள். கயிற்றுக்கு வெளியே நாங்கள் நூற்றுக்கணக்கானோர் நின்றோம். யாரும் பேசவில்லை. உள்ளே ஒரு சத்தம் கேட்டால் கையை உயர்த்துவார்கள், எல்லா வேலையும் நிற்கும், காது கொடுத்துக் கேட்பார்கள்.

டெக்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினில் அந்த வாரம் எங்களுக்கு எதிராக மெழுகுவத்தி ஏற்றிச் சூனியம் வைக்கிற மாதிரி ஒரு கூட்டம் நடத்துவது அவர்கள் வழக்கம். அதை அப்படியே அஞ்சலிக் கூட்டமாக்கினார்கள். 26-ஆம் தேதி இங்கே ஆட்டம். இடைவேளையில் அவர்களுடைய வாத்தியக் குழு துக்க இசை வாசித்துவிட்டு, வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தது. நூறு வருஷமாக வசைபாடிக்கொண்ட கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. 20–16 என்று நாங்கள் ஜெயித்தோம். யாரும் கத்தவில்லை, அழுதோம்.

அந்தச் சொக்கப்பனை திரும்ப வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பிள்ளைகளை அந்த உயரத்தில் தூக்கமில்லாமல் நிறுத்தியது பெரியவர்களின் தவறு, அதை மன்னிக்க முடியாது. இங்கே நினைவிடத்தில் 12 வாயில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இறந்த பிள்ளையின் சொந்த ஊரை நோக்கித் திறக்கும். வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் நடக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு அந்த ஆட்டத்தை நிறுத்தியது எது தெரியுமா? டிவி பணம். 2011-ல் 27–25 என்று கடைசி வினாடி ஃபீல்ட் கோலில் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) அவர்கள் ஜெயித்ததுதான் கடைசி. அந்தப் பணத்துக்காக நாங்கள் வேறு கல்லூரிக் கூட்டமைப்புக்கு மாறினோம், 1894-ல் தொடங்கிய ஆட்டம் 13 வருஷம் நின்றுபோனது. போன வருஷம் ஓக்லஹோமாவுக்கும் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் அதே கதி. இந்தச் சனிக்கிழமை டெக்சாஸ் மறுபடி இங்கே வருகிறது. எனக்கு இருக்கை உண்டு, ஆனால் இங்கே யாரும் உட்கார மாட்டோம். 1922-ல் ஆள் பற்றாமல் போனால் இறங்கி ஆடத் தயாராக ஒரு மாணவன் ஆட்டம் முழுவதும் கரையில் நின்றான், அவனுக்காக இன்றும் நிற்கிறோம்.


பிட்ஸ்பர்க்வாசி
26 நவம்பர் 2024, இரவு 10.40

ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுத முடியவில்லை. 12 பேர் என்று செய்தியில் படித்திருக்கிறேன், அங்கே நின்றவர் எழுதிப் படித்ததில்லை. பணத்தையும் ரசிகர்களையும் ஒன்றாகப் போட்டது என் பிழை. பாப்பா விஷயத்தில் மட்டும் நான் சொன்னதில் நிற்கிறேன். பெரியவரிடம் கட்டாயம் பேசுங்கள்.


ஹன்ட்ஸ்வில் அப்பா
27 நவம்பர் 2024, இரவு 7.55

பேசிட்டேன். கிண்ணத்தை நானே எடுத்துக்கிட்டுப் போனேன். "அன்னிக்கு அவ அழுதா"ன்னு ஒரே வரிதான் சொன்னேன். அவர் முகம் அப்படியே வெளுத்துப் போச்சு. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், ஒண்ணும் சொல்லலை. நான் திரும்பி வந்துட்டேன். என்ன ஆகும்னு தெரியலை.


மஞ்சள்நீலம்
30 நவம்பர் 2024, மாலை 3.50

13–10!!! கொலம்பஸில்!!! கடைசி 45 வினாடி இருக்கும்போது ஃபீல்ட் கோல்! நாலாவது வருஷம்! வீட்டில் எல்லாரும் கத்தி, கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து அவரும் சேர்ந்து கத்திவிட்டுப் போனார்!


கொலம்பஸ்காரன்
30 நவம்பர் 2024, இரவு 8.30

மைதானத்திலிருந்து வந்து இப்பதான் உட்காருறேன். பையன் வண்டியில் ஒரு வார்த்தை பேசலை.

தோத்ததை விடுங்க. ஆட்டம் முடிஞ்சதும் மிச்சிகன் பசங்க கொடியைக் கொண்டுவந்து நடு மைதானத்தில், எங்க 'ஓ' எழுத்து மேல், நடப் பார்த்தாங்க. எங்க பசங்க ஓடினாங்க. எங்க ஆட்டக்காரன் ஜாக் சாயர் கொடித்துணியைக் கம்பிலிருந்து பிச்சு எறிஞ்சான். ரெண்டு பக்கமும் அடிதடி. போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிச்சாங்க, மேலேயிருந்து பார்க்கறப்போ ஆட்டக்காரங்க கண்ணைக் கசக்கிட்டு நடக்கறது தெரிஞ்சது. பக்கத்தில் ஒருத்தர் "அடி, அடி"ன்னு கத்தினார். என் பையன் அவரைத் திரும்பிப் பார்த்தான். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையா ஆட்டம் முடிஞ்ச உடனே கிளம்பிடணும்னு தோணுச்சு.


மஞ்சள்நீலம்
30 நவம்பர் 2024, இரவு 9.05

அண்ணா, ஜெயித்த சந்தோஷத்தில் மதியம் கத்தி எழுதிவிட்டேன், அப்போது கொடி விஷயத்தைப் பார்க்கவில்லை. கொடி நடப் போனது எங்கள் பக்கத் தவறு. ஒருவர் வீட்டு வாசல் கோலத்தில் போய்க் கம்பை ஊன்றுகிற மாதிரி அது. ஜெயித்தால் ஸ்கோர் பலகையே போதும். தம்பியிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.


பிரேசோஸ்கரை
1 டிசம்பர் 2024, அதிகாலை 12.20

17–7. டெக்சாஸ் ஜெயித்துவிட்டது. பந்தை எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோய் நாங்கள் எடுத்த ஒரே டச்டவுனும் எங்கள் தற்காப்பு வரிசை எடுத்தது. கால் வீங்கியிருக்கிறது. 13 வருஷம் கழித்து அந்தப் பழுப்பு ஆரஞ்சு நிறத்தை எங்கள் மைதானத்தில் பார்த்ததும் வசைபாட வாய் வரும் என்று நினைத்தேன். "வந்தீர்களா" என்று கேட்கத்தான் தோன்றியது. அடுத்த வருஷம் ஆஸ்டினில்.


ஹன்ட்ஸ்வில் அப்பா
1 டிசம்பர் 2024, காலை 10.15

எல்லாருக்கும் பதில் சொல்லணும்னு உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு மதியம் பெரியவர் எங்க வாசலில். கையில் பீக்கன் கொட்டை போட்டுச் சுட்ட 'பை' பலகாரம், இன்னும் சூடா. என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "அந்த ஆபர்ன் பெண்மணியைப் பார்க்கணும்"னார். அவ வந்ததும் இடுப்பை வளைச்சுக் குனிஞ்சு, "நான் சொன்னது தப்பு. என் வீட்டுக்கு நீ அந்தச் சட்டையோடதான் வரணும், வேற சட்டையில் வந்தா உள்ளே விடமாட்டேன்"னு சொன்னார். அவ உடனே சிரிக்கலை. "யோசிச்சுச் சொல்றேன்"ன்னா. அவர் தலையாட்டிட்டுப் போனார்.

சனிக்கிழமை போனோம். ஹாலில் கார்ப்பெட்டின் குறுக்கே பெயின்ட் அடிக்கறப்போ ஒட்டுற நீல டேப்பை நேர்கோடா ஒட்டியிருந்தார். ஒரு பக்கம் அவர், அவர் மகன், மருமகள், பேரன்கள், எல்லாம் கருஞ்சிவப்பு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி, அதில் இவ. தனியா ஒரு கிண்ணம் வேகவச்ச நிலக்கடலை. அதே கிண்ணம்தான், பார்த்ததும் தெரிஞ்சது. பேரன் கடலை எடுக்கக் கோட்டைத் தாண்டினா இவ "எல்லை!"ன்னு கத்துவா. மூணாவது குவார்ட்டரில் என் மனைவியும் அந்தப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துட்டா, பொண்ணு தனியா இருக்கான்னு.

அலபாமா 28–14. அலபாமாவோட மில்ரோ மூணு டச்டவுன் ஓடினான். ஆனா நான் சொல்ல வந்தது இடைவேளையில் நடந்தது. டூமர்ஸ் அக்கா இங்கே எழுதினதை நான் அவர்கிட்ட சொன்னேன். மரம், தண்ணீர்ப் பெட்டி, தார்ப்பாய், சர்ச் வண்டி நிறுத்தம் எல்லாம். அவர் டிவி சத்தத்தைக் குறைச்சார். அவரோட தங்கச்சி வீடு டஸ்கலூசாவில் இருந்திருக்கு. 2011 சூறாவளியில் பின்பக்கத்துப் பீக்கன் மரம் கூரை மேல் விழுந்து வீடு ரெண்டாப் பிளந்திருக்கு. மூணு நாள் மின்சாரம் இல்லை. மூணாம் நாள் ஆரஞ்சுத் தொப்பி போட்ட ரெண்டு பேர் ரம்பத்தோட வந்து, யார் என்னன்னு கேட்காம மரத்தை அறுத்து இறக்கி, தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருக்காங்க. காசு கொடுத்தா வாங்கலை. கிளம்பறப்போ ஆபர்ன் ரசிகர்களோட முழக்கமான "வார் ஈகிள்"னு சொல்லியிருக்காங்க. "என் தங்கச்சி அறுபது வருஷத்தில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அன்னிக்குத் தெருவில் நின்னு திருப்பிச் சொன்னா. நான் பக்கத்தில் நின்னேன்"னார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கலை, என் பொண்ணைத்தான் பார்த்தார்.

அக்கா, அது நீங்க அடுக்கின தார்ப்பாயான்னு யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொல்லணும்னு தோணுச்சு.


டூமர்ஸ் மூலை
1 டிசம்பர் 2024, காலை 11.02

படித்துவிட்டேன். இப்போது எழுத முடியவில்லை. பாப்பாவுக்கு என் முத்தம்.


கொலம்பஸ்காரன்
21 ஜனவரி 2025, காலை 6.30

இழையை மறுபடி மேலே கொண்டுவர்றேன். நேத்து ராத்திரி நோட்டர்டாமை 34–23-ல் தோற்கடிச்சு தேசிய சாம்பியன் ஆயிட்டோம். அரையிறுதியில் டெக்சாஸை முடிச்சு வச்சதும் அதே ஜாக் சாயர்தான், கீழே விழுந்த பந்தை எடுத்துட்டு 83 கெஜம் ஓடினான். பிரேசோஸ் ஐயாவுக்கு அது பிடிச்சிருக்கும்.

ராத்திரி முழுக்கக் கார் ஹாரன். காலையில் காபி வாங்கப் போனா கடைக்காரர் முதல் வார்த்தையா என்ன சொன்னார் தெரியுமா? "சந்தோஷம்தான். ஆனா மிச்சிகன்கிட்ட தோத்துட்டோமே." வரிசையில் நின்ன நாலு பேரும் தலையாட்டினாங்க. நானும்.

மஞ்சள்நீலம் தம்பி, நவம்பரில் ஆட்டம் உங்க ஊரில். பையன் வரணும்கறான். சிவப்புச் சட்டையில்தான் வருவான்.


மஞ்சள்நீலம்
21 ஜனவரி 2025, காலை 8.10

வாழ்த்துக்கள் அண்ணா. வீடு இருக்கு, படுக்கை இருக்கு, முதல் நாள் ராத்திரி சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும். நீல டேப் ஒரு சுருள் இன்றைக்கே வாங்கி வைக்கிறேன். தம்பிக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி.


மலைக்கோட்டை
27 பிப்ரவரி 2025, இரவு 11.47

டூமர்ஸ் அக்கா! ஆபர்ன் அட்மிட் வந்திருச்சு! அம்மா ஸ்வீட் பண்ணிட்டு இருக்காங்க. ஆகஸ்ட்ல வர்றேன். அந்தப் பேப்பர் சுருளை இங்கேயிருந்து எடுத்துட்டு வரணுமா, அங்கேயே வாங்கிக்கலாமா?


டூமர்ஸ் மூலை
28 பிப்ரவரி 2025, காலை 6.05

அங்கேயே வாங்கிக்கலாம் தம்பி, பெட்டியில் புளியும் மிளகாய்த்தூளும் வை. பழைய மரங்கள் இருந்த இடத்தில் இப்போது புது ஓக் நட்டு வளர்க்கிறார்கள். எதில் எறியலாம், எதில் கூடாது என்று பல்கலைக்கழகம் அறிவிக்கும், அதை மட்டும் கேட்டு நட. நுனியை ரெண்டு அடி தொங்கவிட்டு, கீழிருந்து மேலே வீசு. முதல் தடவை வராது.


ஹன்ட்ஸ்வில் அப்பா
28 பிப்ரவரி 2025, காலை 7.20

தம்பி, ஹன்ட்ஸ்வில் வழியா வா. பெரியவர்கிட்ட சொல்லிட்டேன், ஒரு ஆபர்ன் ஆள் வர்றான்னு. டேப் இன்னும் கார்ப்பெட்டில்தான் இருக்காம், மருமகள் எடுக்கச் சொன்னாலும் எடுக்க மாட்டேங்கறாராம். ரெண்டாவது நாற்காலி எங்கே போடறதுன்னு என் பொண்ணைக் கேட்டிருக்கார்.